பூசணம் பிடிக்கும் மாதம்

ஏற்காட்டில் மழைமாதத்து மூடுபனி இறங்கிவிட்டது. அலமாரியிலிருந்து ஜப்பான் மரப்பொம்மை ஒன்றை எடுத்து, தலையைத் திருகி, கழுத்தைத் துடைத்தேன். கீச்சென்றது. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிடும்.

அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். சீமைக்கே திரும்பிப்போன எஸ்டேட் முதலாளியின் மனைவி, வெள்ளைக்காரத் துரைசானி, கொடுத்துவிட்டுப் போன நாற்பது பொம்மைகளை உயிராக வைத்திருந்தார். கையும் காலும் இல்லாத, உருண்டைத் தலைப் பொம்மைகள். ஈரக்காற்று பட்டால் பூசணம் பிடித்துவிடும். அதனால் மழைமாதம் முழுக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, அம்மா தினமும் உலர்ந்த துணியால் துடைப்பாள். அலமாரியில் போட்டு வைத்த கற்பூரத்தின் நெடி மூச்சை அடைக்கும்.

எனக்கு ஒன்பது வயதில், ஒரு மழைமாதத்தில், அம்மாவின் ஊரான மஞ்சக்குட்டையில் சித்தியின் கல்யாணம் வந்தது.

"ஏனுங்க, என்ற தங்கச்சி கல்யாணமுங்க. போயிட்டு வந்துர்றனுங்க," என்றாள் அம்மா.

"நீ போயிட்டா இதுகள யாரு பாக்கறது?" என்றார் அப்பா.

அவர் எஸ்டேட் வேலையாகச் சேலம் போனதும், எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கல்யாண வீட்டில் அவள் சிரித்ததுபோல் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் திரும்பினோம். பொம்மைகளின் முகமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அம்மா அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எந்த மழைமாதத்திலும் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை.

அவர்கள் இருவரும் போய்ச்சேர்ந்தபின் பொம்மைகள் என்னிடம் வந்தன.

கைபேசி அடித்தது. சேலத்திலிருந்து மகள்.

"அம்மா, அடுத்த வாரம் பிரசவம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எப்ப வர்றே?"

"மழை விடட்டும் கண்ணு," என்றேன்.