ஆளில்லாத கட்டடம்

ஆம்பூரில் மூடிக் கிடக்கும் ஒரு தோல் ஷெட்டை இன்று படம் எடுத்தேன். எங்கள் படக் காப்பகத்தில் கட்டடம் மட்டும்தான் தெரிய வேண்டும், மனிதர்கள் கூடாது.

வாசலில் நின்ற வாட்ச்மேனிடம், "கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணா" என்றேன். தள்ளி நின்றார். எடுத்து முடித்து, போனில் படத்துக்குக் குறிப்பு எழுதும்போது எட்டிப் பார்த்தார்.

"இன்னா போட்ட?"

"தோல் ஷெட். ஆளில்லாதது."

"என்னத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு ஆளில்லன்னு போடுவியா? ஆறு வருசமா இங்கதாம்பா படுக்கறேன்."

அந்தக் குறிப்பை அழித்தேன். 'வீடு' என்று பதிய வேண்டுமானால் உள்ளே அடுப்பு இருக்க வேண்டும் என்பது காப்பகத்தின் விதி. இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லாம? உள்ள வா, டீ போடறேன். இங்க ஆள் வந்து ரொம்ப நாளாச்சு."

அவரிடம் ஒரே டம்ளர்தான் இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கழுவி, அதிலேயே தனக்கு ஊற்றிக்கொண்டார்.

நான்கு மாதமாக வேலூரில் தனி அறையில் இருக்கிறேன். உள்ளே வா என்று யாரும் கூப்பிட்டதில்லை.

'வீடு' என்று பதிந்தேன். வசிப்பவர்: ஒருவர்.

அவரோடு பேசிக்கொண்டே பொழுது சாய்ந்துவிட்டது; பத்துக் கட்டடம் முடிக்க வேண்டிய நாளில் ஒன்றுதான் முடிந்தது. ஆபீஸில் சொல்ல, நம்பும்படியான காரணம் யாரிடமாவது இருக்கிறதா?