அக்கா கட்டிய பூப்பொட்டலங்கள்

மாமாவின் இதய ஆபரேஷனுக்கு, பிழைக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

இன்று காலை அக்கா அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம்.

இரண்டு பொட்டலங்களையும் குலுக்கிக் குலுக்கி மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் வெள்ளை.

கணக்கு வாத்தியாரான எனக்கு உதைத்தது. அப்படி வர எட்டில் ஒரு வாய்ப்புதான்.

அவள் கண்மூடிக் கும்பிடும்போது மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

"தெரியும்டா. சிவப்பையும் வச்சி, அதுவே வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

காசைப் பலமுறை சுண்டினால்தான் தலை விழுவது பாதிக்குப் பக்கத்தில் வரும் என்று வகுப்பில் சொல்வேன். மாமாவுக்கு ஒரே முறைதான் சுண்ட முடியும்.

இதற்கு எந்தப் பாடத்தில் விடை இருக்கிறது, வாத்தியார்களே?