சைக்கிளுக்கு எடுத்த சப்பாத்து

கல்முனையில் சப்பாத்து வாங்கும்போது கடைக்காரர், “கொஞ்சம் நடந்து பாருங்க தம்பி” என்றார்.

“நான் சைக்கிள்லதானே போறன்” என்று சொல்லி, பெடலில் வழுக்காத, தடித்த அடியுள்ள சோடியை எடுத்தேன்.

அடுத்த கிழமை ஹர்த்தால். ஒலுவிலில் என்னைப் பெற்ற வாப்பா மௌத்து, பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று செய்தி வந்தது. கல்முனையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன்; வழியில் நிந்தவூரில் டயர் வெடித்தது. கடைகள் பூட்டு, பஸ்ஸும் இல்லை. சைக்கிளை விட்டுவிட்டு நடந்தேன். சப்பாத்து குதிகாலைக் கடித்துக் கிழித்தது. நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

கூடப் பிறந்த ராத்தாவின் கணவர் என் காலில் இரத்தத்தைப் பார்த்தார். “கழட்டி வீசிட்டு ஓடி வந்திருக்கலாமே, மச்சான்.”

வழியில் ஒருமுறை கழற்றினேன். தார் சுட்டது. திரும்பவும் போட்டுக்கொண்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.