வாலின் அடியைப் பார்க்காமல் சொன்ன பதில்

ஒஹிய எலியை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத காட்டெலி அது. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, வால் உடம்பைவிட நீளம். அந்த வால்தான் முக்கியமான அடையாளம்: மேற்புறம் கறுப்பு, அடிப்புறம் வெள்ளை. வீட்டெலியின் வால் சுற்றிலும் ஒரே நிறம். எலி பார்க்க லீவைச் செலவழிக்கிறவன் என்று பதுளையில் எங்கள் அலுவலகத்தில் என்னைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. போன மாசிப் பௌர்ணமியன்று, போயா விடுமுறையில் கிளம்பிவிட்டேன்.

காலை 6.15 பஸ். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஒன்றரை மணித்தியாலம், 140 ரூபா. அங்கே தேநீரும் பணிஸும் முடித்துக்கொண்டு அப்புத்தளைக்கு இன்னொரு பஸ், 60 ரூபா. அப்புத்தளையிலிருந்து, காட்டை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு 7 கிலோமீற்றர். ஆட்டோவுக்கு 1,200 ரூபா. பாதையைப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

ஆட்டோக்காரர் மகேந்திரன் என் நோக்கத்தைக் கேட்டுச் சிரித்தார். "எங்க அக்காவோட லயத்து வீடு காட்ட ஒட்டித்தான் சார் இருக்கு. அங்க இல்லாத எலியா?"

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. புத்தகத்தில் அடர்காடு என்று போட்டிருக்கிறதே! மூன்று மணித்தியாலம் காட்டுக்குள் அலைந்து, அட்டைகளுக்கு இரத்ததானம் செய்ததுதான் மிச்சம். பகல் ஒன்றரைக்குக் களைத்துப்போய் இறங்கி வந்தபோது, மகேந்திரன் தேநீர் குடிக்க அக்கா வீட்டுக்கே கூட்டிப்போனார்.

அக்கா செல்வராணி கொழுந்து பறிப்பவர்; தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒன்று அவருடையது. விறகு அடுக்கின் பக்கத்தில் எலிக்கூண்டு இருந்தது, உள்ளே ஓர் எலி. போன வருஷம் அவர் கணவர் எலிக்காய்ச்சலில் பிழைத்ததே பெரிய காரியம் என்றார். அதிலிருந்து வீட்டெலி அகப்பட்டால் கூண்டோடு தண்ணீரில் அமுக்கிவிடுவார். காட்டெலி என்றால் காட்டோரம் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்.

"சார், இது வீட்டு எலி மாதிரி இல்லீங்க. அதுக கம்பியக் கடிச்சு ரகளை பண்ணும். இது பேசாம குந்தியிருக்கு. முதுகும் சாம்பலா தெரியுது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். இரவு மழையில் நனைந்து சேறு அப்பியிருந்தது. வயிற்றைக் கூண்டின் அடித்தகட்டோடு அழுத்திக் கிடந்தது. வாலின் மேற்புறம் மட்டும் தெரிந்தது, கறுப்பாக. மூன்று மணிக்கு எனக்கு அப்புத்தளையில் பதுளை பஸ். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. நான் காடெல்லாம் தேடிக் காணாதது ஒரு லயத்தின் விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்று என் மனம் ஒப்பவில்லை.

"வீட்டெலிதான் அக்கா. நனைஞ்சதால அப்பிடித் தெரியுது. யோசிக்காதேங்கோ" என்றேன்.

"படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தண்ணீர் பீப்பாய்க்குப் போனார். அவர் போகும்போது கைத்தொலைபேசியில் மூன்று படம் எடுத்தேன். எடுக்கிற படங்களை அனுப்பச் சொல்லி, முன்பே தன் நம்பரைத் தந்து என் நம்பரையும் வாங்கியிருந்தார்.

பஸ் தியத்தலாவையைத் தாண்டும்போது படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் எலி கம்பியில் ஏறியிருந்தது. வால் வெளியே தொங்கியது. அடிப்புறம் முனைவரை வெள்ளை. நான் தேடிப்போன ஒஹிய எலியேதான்.

அப்போதே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. செத்தது செத்ததுதானே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். படங்களையும் அனுப்பவில்லை.

ஐந்தாம் நாள் அவரே ஒரு படம் அனுப்பினார். உரச்சாக்கின் மேல் இரண்டு எலிகள் மல்லாந்து கிடந்தன. கூடவே குரல்பதிவு: "சார், நீங்க சொன்ன அதே எலிதாங்க, இன்னும் ரெண்டு மாட்டுச்சு. இப்பல்லாம் யோசிக்கிறதே இல்ல, அமுக்கிட்டேன்."

இரண்டு வால்களும் அடியில் வெள்ளை.

உடனே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"மொத எலிய விடுங்க சார், தெரியாம சொன்னீங்க. தெரிஞ்ச பொறகு அஞ்சு நாளா ஏங்க சொல்லல? இந்த ரெண்டையும் விட்டிருப்பேனே."

மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: அட்டைக் காலுறை எடுத்துப் போங்கள். போகவர 3,000 ரூபா கையில் இருந்தால் போதும். எலியைக் கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. முதுகின் நிறத்தை நம்பாதீர்கள், சேறு எல்லா எலியையும் ஒன்றாக்கிவிடும். கூண்டைச் சாய்த்து வாலின் அடியைப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தவறாகச் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்தால் பஸ்ஸிலிருந்தே கூப்பிட்டுவிடுங்கள்.

போன வாரம் மகேந்திரனிடம் பேசினேன். அக்கா இப்போது தானே கூண்டைச் சாய்த்து வாலைப் பார்க்கிறாராம். ஒன்றைக் காட்டில் விட்டும் வந்தாராம். சாருக்குப் படம் அனுப்பட்டுமா என்று மகேந்திரன் கேட்டதற்கு, "அவர் எதுக்கு? நானே பாத்துக்கிறேன்" என்றாராம்.