அடிப்பலகையின் கீழே எழுதியது

அண்ணனின் கப்பல் நடுவில் விரிசல் விட்டிருந்தது. நிஜக் கப்பல் இல்லை, நான் மூன்று மாதம் ஒட்டி ஒட்டிச் செய்த மாதிரி. அண்ணன் பிரெஞ்சுக் கடற்படையில் இருக்கிறான். அவன் போயிருக்கும் கப்பலைப் போலவே முழங்கை நீளத்துக்கு ஒன்று செய்து, அவன் திரும்பும்வரை மாதா கோயிலில் வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். அதை வைக்க வேண்டிய திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அண்ணன் போன் பண்ணி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அடிப்பலகையின் ஒரு மூலையை விரலால் அழுத்தினேன். டக். எதிர்மூலை மேசையைவிட்டு எழுந்தது. விட்டேன். டக். பலகை முறுக்கிக்கொண்டதில் கப்பலே புயலில் மாட்டியதுபோல் ஆடியது.

தப்பு என்னுடையதுதான். பலகையின் மேல்பக்கம் மூன்று கோட் வார்னிஷ், கீழ்ப்பக்கம் வெறும் மரம். அங்கே அம்மா பேனாவால் வேண்டுதலை எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் நேர்ச்சைப் பொருளின் அடியில் எழுதித்தான் கொடுப்பார்கள். நான் பிரஷ்ஷோடு போனபோது தடுத்தாள்.

“அதும்மேல பூசிட்டா மாதா எப்பிடிடி படிப்பாங்க?”

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். ஒரு வாரம் விடாத மழை. ஈரம் கீழ்வழியாகவே ஏறியிருக்கிறது.

கப்பலின் விரிசலை அரை மணியில் அடைத்துவிடலாம். ஆனால் டம்ளர் உடைந்தாலே அண்ணனுக்குப் போன் போடுகிறவள் அம்மா. இதைப் பார்த்தால்? சகுனமாவது ஒன்றாவது என்று பேசுகிறவள் நான். அன்றைக்குக் கப்பல்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, “பெயின்ட் காயுதும்மா” என்றேன்.

நெல்லித்தோப்பில் ஒரு தச்சுப்பட்டறை. பலகை பலகையாய்த் தூக்கி வெட்டுமுனையைப் பார்த்தேன். அங்கே மரத்தின் கோடுகள் வில்லாக வளைந்திருந்தால் பலகை ஒருநாள் வளையும், நேராக நின்றால் அடங்கிக் கிடக்கும். முதல் பலகையை வாங்கிய அவசரத்தில் இதைப் பார்க்கவே இல்லை.

“இன்னாம்மா, பலக வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?” என்றார் தச்சர்.

“மாப்ள வளைஞ்சா பரவால்லண்ணே. இது வளையக் கூடாது.”

சிரித்தபடியே ஒரு பழைய ஜன்னல் கதவை இழுத்துப் போட்டார். தேக்கு. “எத்தினி மழ பாத்துச்சோ. இனிமே இன்னாத்த வளையப் போவுது?”

கோடுகள் சீப்புப் பல்லாக நேரே நின்றன. அளவுக்கு அறுத்து வாங்கிவந்து, மேல், கீழ், விளிம்பு என்று ஓர் இடம் விடாமல் வார்னிஷ் பூசினேன். இரண்டு நாள் கழித்துக் கப்பலைப் பெயர்த்து, விரிசலை அடைத்து, அதில் ஒட்டினேன்.

எழுத்து பாக்கி. அம்மாவுக்குத் தெரியாமல் நானே பழைய பலகையைப் பார்த்து எழுதிவிடலாம் என்று மார்க்கரை எடுத்தேன். ‘மாதாவே, என் பிள்ள போற கப்பல’ என்று தொடங்கியிருந்தது. ஒரு எழுத்துகூட வரவில்லை. பொய்க் கையெழுத்தைக் கொண்டுபோய் மாதாவிடம் கொடுப்பதா? நம்பாதவளுக்கு ஏன் இவ்வளவு பயம்?

பழைய பலகையையும் கப்பலையும் அம்மா முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன். விரிசல்வரை.

அம்மா பழைய பலகையின் மூலையை அழுத்திப் பார்த்தாள். டக். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“என்னிக்குடி வுட்டுச்சு?”

“திங்கக்கெழம பாத்தேன்.”

உதடு அசைய, அண்ணன் கடைசியாகப் பேசிய நாளிலிருந்து எண்ணினாள். பிறகு மார்க்கரை வாங்கி, நான் சாய்த்துப் பிடித்த கப்பலின் அடியில், வார்னிஷுக்கு மேலேயே ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

“இது வளையாதில்ல?”

மரத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசக்கூடியவள் நான். “வளையாதும்மா” என்று மட்டும் சொன்னேன்.

கொடியேறிவிட்டது; கப்பல் இப்போது மாதா கோயிலில். தினமும் காலைப் பூசைக்கு அம்மாவுக்கு முன்னால் கிளம்பிவிடுகிறேன். “இவளுக்கு பக்தி வந்துடுச்சு” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாரும் பார்க்காதபோது கப்பலிடம் போய் ஒரு மூலையை அழுத்துவேன். சத்தமில்லை. அடுத்த மூலை. சத்தமில்லை. அண்ணன் இன்னும் கூப்பிடவில்லை. மூன்றாவது மூலையில் விரலை வைக்கிறேன்.