உடைந்த கப்பலின் கரையில் எங்கள் ரயர்த் தடம்

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்குத் தைப்பொங்கல் வியாபாரம் முடிந்த பிறகுதான் மூச்சு விட நேரம். இந்தப் பெப்ரவரியில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, கெல்லிவில்லில் இருக்கும் வாடிக்கையாளர் செந்திலோடு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினேன். பாலைவனம் நேரே கடலில் இறங்கும் கரை, உடைந்த கப்பல், ஆமைக்குஞ்சுகள் என்று படம் காட்டியே என்னை மடக்கிவிட்டார்.

சிட்னியிலிருந்து பேர்த்துக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம். அங்கே ஃபோர்வீல் வண்டி வாடகை நாளுக்கு 190 டொலர். பேரம் பேசிப் பார்த்தேன், அசையவில்லை. கார்னர்வன் வரை 900 கிலோமீற்றர் தார் வீதி. இடையில் ஓரிரவு தங்குங்கள், இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும். பிறகு இரண்டு மணி நேரம் செம்மண் பாதை. பெற்றோல் நிலையம் கண்டால் விலை பார்க்காமல் நிரப்புங்கள். சொல்வது ஒரு வியாபாரி.

கரை, கொடுத்த காசுக்கு மேல். சிவப்பு மணல்மேடுகள், பாறையில் குத்தி நிற்கும் துருப்பிடித்த கப்பல், அதன் உச்சியில் கடற்பருந்துக் கூடு.

வாகனம் இறக்க அனுமதி உள்ள பகுதிதான். மணலில் புதையாமலிருக்க ரயர்க் காற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி நுழைவில் பலகையும் இருந்தது. ஆனால் பாரம் ஏற்றினால் காற்றைக் கூட்டுவதுதான் அரிசி மூட்டை ஏற்றும் எங்கள் பழக்கம். தண்ணீரும் சாப்பாடுமாக வண்டி நிறைந்திருந்ததால் பேர்த்திலேயே கூட்டி அடித்திருந்தேன்.

"அண்ணே, போர்டுல காத்த இறக்கச் சொல்லியிருக்கு."

"தம்பி, லோட் வண்டி ஓட எனக்குப் படிப்பிக்காதேங்கோ."

இருநூறு மீற்றர் போகவில்லை, வண்டி அச்சு வரை புதைந்தது. கடலோ ஏறிக்கொண்டிருந்தது. உப்புநீர் பட்ட வாடகை வண்டிக்குக் காப்புறுதி ஒரு சதம் தராது.

"இப்பப் படிப்பிக்கலாமாண்ணே?"

"ஓம், ஓம். பகிடியை விட்டுட்டு மண்வெட்டியை எடுங்கோ."

நாலு ரயரிலும் காற்றை இறக்கினோம். மணலை வாரி, சாப்பாடு கட்டிவந்த அரிசிச் சாக்குகளைச் சக்கரத்துக்கு அடியில் விரித்தோம். மூன்றாம் முறை உறுமியபோது வண்டி ஏறியது. அது நின்ற குழியை அலை அப்போதே தொட்டுவிட்டது.

சூரியன் கடலில் இறங்கும் நேரம். கிளம்பலாமென்று விளக்கைப் போட்டேன்.

"லைட்ட அணைங்கண்ணே! அங்க பாருங்க."

எங்கள் சக்கரம் கிழித்த ஒரு சாண் ஆழத் தடத்துக்குள் ஓர் ஆமைக்குஞ்சு. சுவர் ஏற முடியாமல், கடலுக்குப் போகாமல், தடத்தோடே நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் மூன்று. நண்டு கண்டால் கதை முடிந்தது. வெளிச்சம் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டு வழி மாறும், கையால் தூக்கவும் கூடாது என்றார் செந்தில். கடல் பக்கச் சுவரை இடித்துச் சரிவாக்கினோம். குஞ்சு நின்றது, திரும்பியது, ஏறியது. சற்று முன் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அதே அலை, வண்டி நின்ற குழியைத் தாண்டி வந்து அதைப் பாதி வழியில் அள்ளிக்கொண்டது. மற்ற மூன்றும் பின்னாலேயே போயின.

மிச்சத் தடத்தை இருட்டும் வரை நிரவினோம்.

போகிறவர்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர், மண்வெட்டி, காற்றடிக்கும் கருவி கொண்டுபோங்கள். பின்னேரத்துக்கு முன் வண்டியை மேட்டுக்கு எடுத்துவிடுங்கள். காற்றை இறக்க மறந்தால் வண்டிதான் போகும், அதற்கு உழைத்துக் கட்டலாம். தடத்தை நிரவாமல் மட்டும் கிளம்பாதீர்கள்.