கருப்புக் கண்ணாடியில் அண்ணன்

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பூனை என்று பேர். உடையும் சாமான்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நடப்பாள், வாயையும் திறக்க மாட்டாள் என்று முதலாளி வைத்தது. "பூனை, பால் வேணுமா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் சீண்டுவார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பழைய கம்பளம் விரித்த மேசையில் கண்ணாடியைக் கிடத்தி, மரச் சட்டத்தை அணைத்து வைத்து, அறுக்கிற கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு. பாதியில் கை தயங்கினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும். அவள் கை தயங்கி யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கையைத் தன் அறையில் தானே பழக்கி எடுத்தாள் என்பது கடையில் யாருக்கும் தெரியாது.

அண்ணன் வீட்டில், சமையலறையை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டி, அந்த அறையைக் காப்பாற்றி வைத்திருந்தாள். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கியவற்றில் இரண்டு புத்தகங்கள் அவளைப் பிடித்துக்கொண்டன. ஒன்று மந்திர வித்தை. வட்டம் போடு, சுடர் ஏற்று, மனதில் ஒன்றை நிறுத்து, கேள் என்றது. மற்றது ஒரு மௌன சாமியார் சொன்னது. எதையும் கேட்காதே, கேட்கிற ஆளையே மறந்துவிடு என்றது. மாமியாரும் மருமகளும் போல ஒன்றை ஒன்று கரித்துக் கொட்டின. அவள் இரண்டையும் ஒரே அடுப்படியில் வைத்துக் குடித்தனம் நடத்தப் பார்த்தாள். மந்திரத்தை மட்டும் செய்த நாட்களில் ஆசை வாலை முறுக்கிக்கொண்டு ஆடியது. மௌனத்தை மட்டும் செய்த நாட்களில் நன்றாகத் தூக்கம் வந்தது.

கடைசியில் தனக்கென்று ஒரு வழி கண்டாள். ரசம் உரிந்துபோய்க் கடையில் ஒதுக்கிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்புறம் கருப்பு பெயின்ட் அடித்தாள். விடிகிற நேரத்தில் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அந்தக் கருப்புக்குள் கண் கொட்டாமல் பார்ப்பாள். ஒன்றே ஒன்று கேட்பாள். அது தனக்குள் நடக்க வேண்டியதாகத்தான் இருக்கும். இன்று கோபம் வரக்கூடாது, இன்று கை நடுங்கக்கூடாது, இப்படி. பிறகு கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டு, கேட்டதையும் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். கவிழ்த்த பிறகு எதுவும் வேண்டாம். அதுதான் சட்டம். குருவும் கிடையாது, கூட்டமும் கிடையாது. சட்டம் போட்டவளும் அவள்தான், கட்டுப்பட்டவளும் அவள்தான்.

அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். கரையைத் தொட்டதும் போன் பண்ணிவிடுவார். அந்த மழைக்காலத்தில் போன் வரவில்லை. கரை சேர வேண்டிய தேதி கடந்து வாரங்கள் ஆயின. அண்ணி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு காலை, மெழுகு வாசனை இன்னும் போகாத அறை வாசலில் அண்ணி வந்து நின்றாள்.

"நீ அதுக்குள்ள என்னமோ பாக்கறியே, அதுல அவர் தெரிவாராடி?"

"அது அதுக்கில்ல அண்ணி."

"எதுக்கோ இருந்துட்டுப் போகட்டும். எனக்காக ஒரு தடவை பாரு. கெட்டதா இருந்தாலும் சொல்லிடு, தாங்கிக்கறேன்."

தாங்கிக்கொள்கிற முகமாக அது இல்லை. அவளால் மறுக்க முடியவில்லை. மறுநாள் விடிகையில், முதல் தடவையாக இன்னொருவர் சேதியைக் கேட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கருப்பு மெல்லப் பால் கலந்தாற்போல் வெளுத்தது. உள்ளே அண்ணன். சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணாடியைக் கவிழ்க்கவும் மறந்து வெளியே ஓடினாள்.

"நல்லா இருக்காரு அண்ணி! சிரிச்சுக்கிட்டு இருக்காரு!"

அண்ணி அன்று வயிறாரச் சாப்பிட்டாள். கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போய் விசாரிக்க எடுத்து வைத்திருந்த புடவையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். "அவர்தான் நல்லா இருக்காரே, அங்க போய் எவன் கிட்டயோ கெஞ்சணுமா?" என்றாள். அடுத்தடுத்த காலைகளிலும் அண்ணன் வந்தார், சிரித்தார். கடையில் அவள் நடை கூட மாறியது. "பூனைக்குப் பால் கிடைச்சிடுச்சு போலிருக்கு" என்றார் முதலாளி.

பிறகு ஒரு நாள், வழக்கம்போல நல்ல சேதியோடு கூடத்துக்கு வந்தவள், அண்ணியின் தோளுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அண்ணனும் அண்ணியும் புதுசாகக் குடித்தனம் வந்தபோது எடுத்தது. அதில் அண்ணனுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது பக்கம் வகிடெடுத்து வாரிய அடர்த்தியான முடி. கண்ணாடிக்குள் வந்தவருக்கும் அதே சட்டை, அதே வகிடு. அண்ணன் தலை வழுக்கையாகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

அவள் அறைக்குள் ஓடி ஒளியவில்லை.

"அண்ணி, நான் பாத்தது அண்ணனை இல்ல. இந்தப் படத்தை. என் ஆசைய நானே பாத்துட்டு உங்ககிட்ட சொல்லிட்டேன்."

அண்ணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"உன் பேச்சைக் கேட்டுத்தானே வீட்டுலயே உக்காந்துட்டேன்! அவருக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவ?"

"திட்டுங்க. போற வழியில திட்டுங்க. இப்ப கிளம்புங்க, ஆபீசுக்குப் போவோம்."

அவள் அப்படி அதட்டலாகப் பேசி அண்ணி கேட்டதில்லை. திட்டிக்கொண்டேதான் வந்தாள், பஸ்ஸிலும் மாடிப்படியிலும். ஆபீஸ் கவுன்டருக்கு முன் வந்ததும் அண்ணி அவளை முன்னால் தள்ளிவிட்டாள். வாய் திறக்காத பூனைதான் பேச வேண்டியதாயிற்று.

"எங்க அண்ணன் எங்க இருக்காருன்னு தெரியணும் சார்." பேரும் கப்பலும் சொன்னாள்.

"தகவல் வந்தா நாங்களே கூப்பிடுவோம்மா. வீட்டுக்குப் போங்க."

அவள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்டாயிற்று. வேண்டியதை ஒரே புள்ளியில் நிறுத்தி, ஒரே இழுப்பில் சொல்லியாயிற்று. இனி கவிழ்த்து வைப்பதுதான். கெஞ்சவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். பக்கத்தில் அண்ணி நகத்தைக் கடித்தாள். அண்ணன் செத்துப்போயிருப்பாரோ என்ற பயம் வந்தது. அதையும் வரவிட்டாள். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து அது போயிற்று. மறுபடி வந்தது.

கிளார்க் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னும் ஏதாவது வேணுமா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"அதான் சொன்னேனே சார்."

குரலில் சூடே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார், அதே இடம், அதே முகம். கடைசியில் போனை எடுத்து மேல்மாடிக்குப் பேசினார். அங்கிருந்து வேறெங்கோ பேசினார்கள். அண்ணனை மஞ்சள் காமாலையோடு நடுவழித் துறைமுகம் ஒன்றில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பல நாள் நினைவு சரியில்லாமல் கிடந்து, இப்போதுதான் தேறி வருகிறார். வீட்டுக்குச் சொல்லக் கூப்பிட்ட நம்பர் பழைய நம்பர்.

கிளார்க்கே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கொடுத்தார். நீட்டிய ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அண்ணி முதலில் அழுதாள். பிறகு, "நம்பர மாத்தினா கம்பெனியில சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். மொத்த ஆபீசும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டது.

இறங்கி வரும்போது அண்ணி மாடிப்படித் திருப்பத்தில் நின்றாள்.

"அந்தக் கண்ணாடிய உடைச்சுப் போட்டுடு."

"மாட்டேன் அண்ணி. தப்பு என்னோடது. நாளைக்கும் உக்காருவேன். யார் சேதியும் கேக்க மாட்டேன்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, அங்க பெஞ்சில உக்காந்தியே, அது மாதிரி உக்கார எனக்குச் சொல்லிக் குடு. அவர் வர்ற வரைக்கும் நான் என்னத்தப் பண்றது?"

"அதெல்லாம் தனியா இருந்து பழகணும் அண்ணி. சொல்லிக் குடுத்தா வராது."

"நான் இப்ப தனியாத்தானேடி இருக்கேன்?"

"அப்ப உங்க ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உக்காருங்க. பயம் வந்தா வரட்டும். என்னைக் கூப்பிடாதீங்க."

"கூப்பிட்டா?"

"வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.